மாப்பிள்ளை காலிஃபிளவர்ப் புழுவை வென்ற படலம்

வாழி மாப்பிள்ளை! இடக்கையில் கைப்பேசி விளக்கும் வலக்கையில் பல்குச்சியும் ஏந்தி, மனைவியின் சமையல் மேலங்கியையே மார்க்கவசமாகப் பூண்டு, அடுக்களை எனும் அமர்க்களம் புகுந்த ஆண்டகையே, வாழி! சோபாவின் நிறமும் திரைச்சீலையின் நீளமும் தன்னைக் கேளாமலே முடிவாகிவிட்ட அவ்வீட்டில், அவன் தானே தேர்ந்து தருவித்தது ஒன்றே ஒன்று: மருந்தடிக்காத தோட்டத்திலிருந்து வாரந்தோறும் வாசலில் வந்திறங்கும் பருவக் காய்கறிப் பெட்டி. அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவன் சொல்லுக்கு என்ன மதிப்பு, பாவம்!

அப்பெட்டியின்மேல் போர்முரசு அறைந்தவர், சந்தைக் கடைக்காரர்கள் கண்டாலே தராசை நேராக்கும் கீர்த்தி படைத்த அவன் மாமியார். கூடத்துச் சாய்வுநாற்காலியில் கொலுவீற்றிருந்து அவர் விடுத்த ஆணை இது: "போன வாரம் கீரை வாடிப்போய் வந்துச்சு. இன்னைக்கும் ஏதாவது குறை இருந்தா, பெட்டியை நிறுத்திடணும் மாப்பிள்ளை. சொல்லிட்டேன்!"

ஆணையின் எதிரொலி அடங்குமுன்னே, வெண்முகில் திரண்டன்ன காலிஃபிளவரின் இடுக்கிலிருந்து ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்தது. ஐயோ, புழு!

பாய்ந்தான் வீரன். பல்குச்சி வேலெனச் சுழல, வெந்நீர்க் கடலில் உப்பு மழை பொழிய, கோட்டை முழுதும் கவிழ்ந்து மூழ்க, புறங்காட்டாப் பெருமிதத்தோடு பகைவன் ஒரு பூங்கிளையிலிருந்து மறுகிளைக்கு நெளிந்து நெளிந்து ஏற, "அங்க என்ன உருட்டிட்டு இருக்கீங்க?" என்று கூடத்திலிருந்து இடி முழங்க, "ஒண்ணுமில்ல அத்தை, கழுவுறேன்!" என்று பொய்யுரைத்தவாறே, வியர்வை ஆறாய்ப் பெருக, கடைசிக் கிளையின் அடித்தண்டில் எதிரியைக் குச்சிமுனையால் நெம்பியெடுத்து, சன்னலுக்கு அப்பால் நாடு கடத்தினான். வெற்றி! வானோர் பூமாரி பொழியவில்லை, குழாய்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

வந்தார் மாமியார். கிளைகிளையாய்ப் பிரித்தார், வெளிச்சத்தில் பிடித்தார், மோந்தார். மாப்பிள்ளையின் மார்பு விம்மியது. பின்னர்த் தீர்ப்பு எழுந்தது:

"நல்லா ஏமாந்திருக்கீங்க! பேருக்குக்கூட ஒரு புழு இல்ல. மருந்தடிக்காம காலிஃபிளவர் இப்படி இருக்குமா?"

பொறுக்குமோ அந்த மானமறவனுக்கு? "இருந்துச்சு அத்தை! இவ்ளோ பெருசு! நான்தான் இப்போ எடுத்துப் போட்டேன்!" என்று திசையெட்டும் அதிர முழங்கினான்.

மாமியாரின் புருவம் வில்லென வளைந்தது.

"அப்போ புழு விழுந்ததைத்தான் எனக்குச் சமைச்சுப் போடப் பார்த்தீங்களா?"

சத்தம் கேட்டு வந்த மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பெட்டி வரவில்லை.