உள்ளானும் உப்பளத்து அனுமதியும்

வடக்கே வேம்பாறு தொடங்கித் தெற்கே பெரியதாழை வரை கிடக்கிற கடற்கரை மணல் முழுவதிலும், ஒவ்வொரு அடிக்கும் யாரிடமாவது அனுமதி வாங்கி நடந்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரை நாங்கள் உள்ளான் என்று கூப்பிட்டோம்.

உள்ளான் சின்னப் பறவை. அலை பின்வாங்கும்போது குடுகுடுவென்று ஓடி ஈர மணலைக் கொத்தும். அலை திரும்பினால் குடுகுடுவென்று மேலேறும். எங்கள் ஆளின் நடையும் அதுதான். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு பத்து எட்டு வேகமாக வைப்பார், நிற்பார், தலையைச் சாய்ப்பார், மறுபடி பத்து எட்டு. பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார் என்று எங்களோடு சேர்ந்து அவரும் திரும்பிப் பார்த்தார்.

அதே ஆபீஸில் நான் டாலி கிளார்க். தோணியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது என் வேலை. அதில் இருப்பது ஒரே ஒரு வித்தைதான்: எண்ணும்போது கண்ணை எடுக்கக் கூடாது. பக்கத்தில் கயிறு அறுந்தாலும், யாராவது கடலில் விழுந்தாலும், எண்ணி முடித்த பிறகுதான் திரும்ப வேண்டும். இருபது வருஷம் அப்படி எண்ணியவன் நான். இது பின்னால் வரப்போகிற ஒரு பாவத்துக்குச் சமாதானம் அல்ல, காரணம்.

எழுபதுகளின் ஆரம்பம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு புரட்டாசிக் கடைசியில் உள்ளான் என் மேஜைக்கு வந்தார்.

"வாரவாரம் ஞாயித்துக்கிழமை என்னவே செய்யுதீரு?"

"சட்டைக்கு இஸ்திரி போடுவேன். டைரி எழுதுவேன்."

"ஐப்பசி பிறந்தா வடக்கே இருந்து பறவைங்க வந்து இறங்கும். எனக்குப் பார்க்கத்தான் தெரியும், எண்ண வராது. இருபதுக்கு மேல போனா மனசு பறவை மேல போயிருது. நீரு வந்து எண்ணித் தாரும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாளே என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவர் காக்கி. மண் நிறத்தில் இருந்தால்தான் பறவை மிரளாதாம். ஆனால் மனிதர்கள் மிரளாமல் வந்து அவரிடம் டிக்கெட் கேட்டார்கள். திருச்செந்தூர் ரோட்டில் டீ குடிக்க நின்றபோது ஒரு அம்மாள் சில்லறையை நீட்டி, "ஆத்தூர் ஒண்ணு" என்றாள். அவர் மறுக்கவில்லை. அடுத்த பஸ் வருகிற வரை நின்று, அவளை ஏற்றிவிட்டு, சில்லறையைக் கண்டக்டரிடம் கொடுத்து, "ஆத்தூர் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பறவைகளிடம் அவர் நடந்துகொண்ட முறையில் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டார் காட்டுகிற பயம் இருந்தது. பறவை குனிந்து தின்கிற வரை நாம் நடக்கலாம். தலை நிமிர்ந்தால் நிற்க வேண்டும். அது இரண்டு எட்டு விலகினால் நாம் நாலு எட்டுப் பின்வாங்க வேண்டும். அதற்கும் கடலுக்கும் நடுவே போகவே கூடாது. பறந்துவிட்டதா, அன்றைக்கு அந்த இடத்தில் நமக்கு வேலை இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"என்னவே இவ்வளவு கெடுபிடி? பறந்தா மறுபடி வந்து உட்காராதா?" என்றேன்.

"எங்கிருந்தோ ராப்பகலா பறந்து வந்து, இப்பந்தான் இலை போட்டு உட்கார்ந்திருக்கு. பந்தியில உட்கார்ந்தவன எழுப்பி விட்டுட்டு, உம்ம முகத்தை நல்லாக் காட்டும்னு கேப்பீரா?"

மனிதர்கள் விஷயத்தில் இன்னும் மோசம். பெரியதாழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணலில் வலை காயப் போட்டிருந்தது. அதைத் தாண்டி ஈர மணலில் பறவைக் கூட்டம். அனுமதி கேட்க ஆள் இல்லை; ஊரே மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போயிருந்தது. உள்ளான் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பூசை முடிந்து வந்த முதல் பெரியவரிடம் எழுந்து நின்று கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த வழியா நடக்கலாமா?"

"கடக்கரையில நடக்கதுக்கு என்னத்துக்குப்பா கேக்கணும்? கடலு யாரு வீட்டுச் சொத்து?"

"கடல் இல்ல அண்ணாச்சி. உங்க வலை காயுது."

பெரியவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவரு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். அதற்குள் வெயில் ஏறிப் பறவைகள் வேறு கரைக்குப் போய்விட்டன. எண்ணிக்கை: பூஜ்யம். உள்ளானுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "நல்ல மனுஷங்கவே," என்று சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதித்தார்.

கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய பைனாகுலர் ஒன்று வைத்திருந்தார். காலை ஏழு மணிக்கு முன் அதைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். விடியற்காலையில் நம் கடற்கரை பறவைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட இடம் அல்ல என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாட்டத்துக்கென்றே சந்துகள் உண்டு. கடற்கரைக்கு அதுதான் குறுக்கு வழி என்றாலும் இவர் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவார். பொதுத் தெருவிலும் ஒவ்வொரு முக்குத் திரும்பும்போதும், எதிரே யாரும் வந்தால் ஒதுங்க வசதியாக, ஒரு இருமல். காயலில் முக்குகளுக்குக் குறைவில்லை. பதினேழாவது இருமலில் ஒரு வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, "தம்பி, இது நெஞ்சுச் சளி. இப்படி உட்காருங்க," என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். சுக்கும் மிளகும் போட்ட கஷாயம் வந்தது. சளி இல்லை என்று சொன்னால் பெரியவர் மனசு வருந்துமே என்று உள்ளான் குடித்தார். அன்றும் பூஜ்யம்.

இப்படி எண்ணாமல் திரும்பிய ஞாயிற்றுக்கிழமைகள் என் டைரியில் நிறைய. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் பூஜ்யம் வந்ததே இல்லை. ஊருக்கு வெளியே முத்தையா கங்காணி பார்த்துக்கொண்டிருந்த உப்பளம். கடல் தண்ணீரைத் தேக்கி வைக்கிற பெரிய தெப்பம் ஒன்று அங்கே உண்டு. ஐப்பசியில் அதில் உள்ளான், ஆலா, பூநாரை என்று கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். மற்ற இடமெல்லாம் உள்ளானுக்குப் பொழுதுபோக்கு. இந்தத் தெப்பம்தான் அவருடைய வருஷம். மற்ற பதினோரு மாதமும் அதற்காகத்தான் டைப் அடித்தார் என்று சொல்லலாம்.

உள்ளே போக அனுமதி வாங்க அவருக்கு மூன்று ஐப்பசி பிடித்தது. அதுவும் நிபந்தனைகளோடு. வெளி வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். செருப்பு கூடாது. பாத்தி வேலை தொடங்குமுன் வெளியேற வேண்டும். கங்காணியின் கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. உப்பு விளைகிற பாத்தியின் தரையை, தை மாதத்தில் ஆட்கள் வரிசையாக நின்று நாள் கணக்கில் காலால் மிதித்துச் சிமெண்டுத் தரை மாதிரி இறுக்கி வைக்கிறார்கள். அதில் ஒரு செருப்புத் தடம் பதிந்தால் போதும், அடியிலிருக்கிற சேறு மேலே வந்து, வெள்ளை உப்பு அழுக்கு உப்பாகிவிடும்.

இதெல்லாம் உள்ளான் எனக்கு மூன்று தடவை சொன்னார். நான் டைரியில் எழுதியும் வைத்தேன்.

ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன் கடைசி உப்பை வார இரண்டு பாத்திகள் பாக்கி என்று கங்காணி சொன்னார். வெளி வரப்பில் முள் கிடந்ததால், நான் பாதி வழியில் கையிலிருந்த செருப்பை மாட்டிக்கொண்டேன். உள்ளான் முன்னால் போய்விட்டதால் பார்க்கவில்லை. தெப்பத்தில் பூநாரைகள். ஒற்றைக் காலில், தலையைச் செருகிக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக. எண்ண ஆரம்பித்தேன். இருநூற்றைத் தாண்டும்போது பின்வரிசையை முன்வரிசை மறைத்தது. கண்ணை எடுக்காமல் ஒரு எட்டு வலப்பக்கம் வைத்தேன். நன்றாகத் தெரிந்தது. இன்னொரு எட்டு. முன்னூறு. காலுக்கடியில் ஏதோ ஜில்லென்று இருந்தது. எண்ணும்போது அதெல்லாம் நம் இலாகா இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டில் முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு பாத்தியை முழுசாகக் கடந்து, இரண்டாவது பாத்தியின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால், வெள்ளை உப்பில், என் செருப்புத் தடங்கள் தபால் முத்திரை மாதிரி வரிசையாக.

உப்பு வாருகிற பலகையோடு வந்த பேச்சியம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஏ பாவி! செருப்புக் காலோட பாத்திக்குள்ள நிக்காரே! கண்ணு எங்கய்யா இருக்கு உமக்கு?"

கங்காணி ஓடி வந்தார். அவர் திட்டவில்லை. தடங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தலையிலிருந்த துண்டை எடுத்து உதறினார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

உள்ளான் எனக்கு முன்னால் வந்து நின்றார். "தப்பு என்னுது அண்ணாச்சி. கூட்டிட்டு வந்தவன் நான்."

"இனிமே இந்த அளத்துப் பக்கம் உங்க ரெண்டு பேரு தலையும் தெரியக் கூடாது," என்றார் கங்காணி.

திரும்புகிற வழியில் உள்ளான் முன்னால் மிதித்தார். ஊர் எல்லை வந்த பிறகு சைக்கிளை நிறுத்தாமலே கேட்டார்.

"எத்தனைவே?"

"நானூற்றுப் பன்னிரண்டு."

கொஞ்ச தூரம் போனார். "நல்ல கூட்டம்," என்றார். அவ்வளவுதான்.

அந்த ஐப்பசி முழுக்க அவர் பொது ரோட்டில் நின்று தெப்பத்தைப் பார்த்தார். அரை மைல் தூரம். பைனாகுலரில்கூடப் பறவைகள் சிந்தின மிளகு மாதிரிதான் தெரிந்தன. ஒரு நாள் கங்காணி டவுனுக்குப் போவதை நானே கண்ணால் பார்த்தேன்.

"அவரு இல்ல. சட்டுன்னு வரப்பு வரைக்கும் போயிட்டு வந்திருவோம்."

"அவரு இருக்கும்போது போனா அதுக்குப் பேரு பறவை பார்க்கது. இல்லாதப்போ போனா வேற பேருவே," என்றார். ரோட்டு ஓரத்து வெள்ளைக் கல்லைக்கூட அவர் தாண்டவில்லை.

தை பிறந்தது. அளத்தில் பாத்தி மிதிக்க ஆரம்பித்தார்கள். ஆயுளில் லீவு போடாத உள்ளான் ஆறு நாள் லீவு எழுதி, பக்கத்திலேயே எனக்கும் ஒன்று டைப் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். கங்காணியிடம் போய் நின்றோம்.

"எங்க கால் கெடுத்த பாத்தி அண்ணாச்சி. அந்த ரெண்டையும் எங்க காலே மிதிக்கட்டும்."

கங்காணிக்குச் சிரிப்பதா விரட்டுவதா என்று தெரியவில்லை. "நாலு நாழி தாங்க மாட்டீங்க," என்று மட்டும் சொன்னார்.

வரிசையில் நின்றோம். குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட, ஒரு விரற்கடை இடம் விடாமல் மிதிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கால் வெடிப்பில் ஏறினால் காதில் மணி அடிக்கும். முதல் நாள் மதியமே என் காலில் கொப்புளம். உள்ளான் தன் வழக்கப்படி பத்து எட்டு வேகமாக வைத்தார், நின்றார், தலையைச் சாய்த்தார்.

"ஏளா, இங்க வந்து பாரேன்," என்று பேச்சியம்மா கூட்டாளியைக் கூப்பிட்டாள். "இவரு மிதிக்காரா, கொத்தித் திங்காரா?"

அளமே சிரித்தது. உள்ளானும் சிரித்தார். ஆறாம் நாள் சாயந்தரம் கங்காணி வந்து இரண்டு பாத்தியையும் குதிகாலால் தட்டிப் பார்த்தார். ஒரு செம்பு மோர் கொடுக்கச் சொன்னார்.

"இப்பவே ஒரு வார்த்தை கேட்டிருவோம்," என்று கிசுகிசுத்தேன்.

"கேக்காதேயும். மிதிச்சதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிரும்."

கேட்கவில்லை. அடுத்த ஐப்பசியும் வந்தது. உள்ளான் பழையபடி ரோட்டு ஓரத்தில், வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம். இரண்டு ஞாயிறு போயிற்று. அவர் டைப் அடிக்கிற சத்தத்தில்கூடச் சுரத்து இல்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் உப்பு லாரி டிரைவர் ஒருவர் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, மேனேஜர் முதல் பியூன் வரை கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

"இங்கன உள்ளான்கிறது யாருங்க?"

டைப் சத்தம் நின்றது.

"முத்தையா கங்காணி சொல்லிவிட்டாரு. உங்க ஆளுங்க வந்து இறங்கிட்டாகளாம். நிறைய உருப்படியாம். மழை பிடிக்கதுக்குள்ள வரச் சொன்னாரு." போகத் திரும்பியவர் நின்றார். "அந்த எண்ணுத அண்ணாச்சியையும் கூட்டிட்டு வரலாமாம். ஆனா கையைப் பிடிச்சிக்கிடணுமாம்."

ஞாயிறு விடியலில் வெளி வரப்பில் நின்றோம். வெறுங்கால். தெப்பம் முழுக்க இளஞ்சிவப்பு. தூரத்தில் கங்காணி எங்களைப் பார்க்காத மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளான் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"எண்ணும்வே. நான் பிடிச்சிருக்கேன்."

எண்ணினேன். முடித்த பிறகும், முடிந்துவிட்டது என்று சொன்னால் கையை விட்டுவிடுவாரே என்று, வெகுநேரம் எண்ணிக்கொண்டிருப்பவன் போலவே நின்றேன்.