தாளித்த டப்பாச் சோறு

தீப்பெட்டி ஆபீஸ் ஃபோர்மேன் விஜயராஜ், இந்த வருஷம் மாமனார் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போவதில்லை என்று சபதமே எடுத்துவிட்டார். போன வருஷம் மாப்பிள்ளை மரியாதை என்று அழைத்துப் போய், பந்திச் சமையலுக்கு மூன்று மூட்டை உள்ளியை உரிக்க வைத்துவிட்டார்கள். அழுத கண் ஒரு வாரம் வற்றவில்லை.

"சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?" என்றாள் மனைவி இசக்கிச்செல்வி.

"நானே பொங்கித் தின்னுக்கிடுதேன்."

"நீங்களா? அடுப்பு எங்கன இருக்குன்னு தெரியுமா?"

"ஏட்டி, கொடை நடக்க மூணு நாளும் சமைச்சுக் காட்டுதேன். காட்டிட்டா இனி எந்தக் கொடைக்கும் என்னைக் கூப்பிடப்படாது."

"முடியலைன்னா வருஷா வருஷம் வரணும். சம்மதமா?"

"சம்மதம்!"

புறப்படும்போது அவள் அரிசி டின்னைத் திறந்து, நிரவி, கையை விரித்து அரிசிமேல் அழுத்திப் பதித்துவிட்டு மூடினாள். வீட்டில் அரிசி குறையக்கூடாதென்று அவள் பிறந்த வீட்டு வழக்கம். இவருக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்? அவள் ஏறிய பஸ் கயத்தாறைத் தாண்டுமுன் கடைக்கு ஓடி, வெந்நீர் ஊற்றினால் சாம்பார் சாதமாகிற மலிவு டப்பா ஒரு டஜன் வாங்கிவிட்டார்.

முதல் வாய் அட்டையை மென்றதுபோல் இருந்தது. விடுவாரா? நல்லெண்ணெயில் கடுகு, வத்தல், கருவேப்பிலை தாளித்தார். நாலு உள்ளியை வதக்கிக் கொட்டினார். நிலக்கடலையை வறுத்து நசுக்கித் தூவினார். அட, சாப்பிடலாம்! ஃபோட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். ஆனால் நிம்மதியில்லை. காலி டப்பாக்களைப் பரணில் வைத்தார், கட்டிலுக்கடியில் தள்ளினார், மறுபடி எடுத்து பீரோவுக்குள் பூட்டினார். கேட் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் பீரோப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் இசக்கிச்செல்வி தம்பி தங்கச்சாமியோடு வந்து இறங்கினாள். விஜயராஜ் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு மிச்ச டப்பாக்களைத் தாளித்துக் கொண்டுவந்தார். தங்கச்சாமி தட்டை வழித்து நக்கினான்.

"அத்தான், என்னா ருசி! அடுத்த கொடைக்குப் பந்திச் சமையல் நீங்கதான்!"

"நான் கொடைக்கே வரமாட்டேன் மாப்ள. பந்தயத்துல ஜெயிச்சாச்சு!"

"என்னங்க, இங்கன வாங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அரிசி டின் திறந்திருந்தது. உள்ளே அவள் கை, ஐந்து விரலும் அலுங்காமல் அப்படியே பதிந்திருந்தது.

"மூணு நாளா எந்த அரிசியைப் பொங்குனீங்க?"

விஜயராஜ் அவசரமாக டின்னை மூடப் பார்த்தார்.

"தம்பிகிட்ட சொல்லட்டுமா? தோத்தவரா கொடைக்கு வருதீங்களா, சமையக்காரரா வருதீங்களா?"

மானம் பெரிதாயிற்றே. விஜயராஜ் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்ள, பந்திக்கு எத்தனை பேரு வருவாவ?"

"ஐந்நூறு பேரு அத்தான்!"

இசக்கிச்செல்வி உள்ளிக் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பமே உக்காந்து உரிக்க ஆரம்பிங்க."