அரைச்சீட்டு அண்ணனின் இடுப்பு

ஒரு ஜீப் நிறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாத மனிதர் உலகத்தில் அரைச்சீட்டு அண்ணன் ஒருவர்தான். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போவார். எஸ்டேட் பள்ளியில் டீச்சரான நானும் அதில்தான் போவேன். வண்டி பிதுங்கும் நேரத்திலும் ரோட்டோரம் யாராவது நின்றால், டிரைவர் சீட்டில் பாதியைக் காலி செய்து, "வெரசா ஏறுக்கா, எடம் கெடக்கு!" என்பார். பாதி உடம்பு வெளியே தொங்க, போடிமெட்டு வளைவுகளில் ஓட்டுவார். பெயர் வந்த கதை அதுதான்.

நாற்பதைத் தொடும் முன்பே அவருடைய இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. கிளச்சை மிதிக்கும் கால் அது. வலி வந்தால் என்ன செய்வார் தெரியுமா? அந்தப் பாதி சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாரியக்காவிடம், "அக்கா, மிதி!" என்பார். ஏலக்காய் பறிக்கப் போகிற மாரியக்கா மிதிக்க, அண்ணன் கியர் மாற்றுவார்.

"எனக்கும் ஒரு லைசென்சு எடுத்துக் குடுத்துருப்பா" என்பார் அக்கா.

ஒருநாள் வளைவில் அக்கா தூங்கிப்போனார். கியர் விழவில்லை. வண்டி பின்னால் உருண்டு மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. அண்ணன் முகம்தான் வெளுத்துவிட்டது.

"இத்தன உசுரு என் கால நம்பி வருது டீச்சர். கால் சரியாகலைன்னா வண்டிய வித்துருவேன். வேற சோலி எனக்குத் தெரியாது."

டாக்டர் பேசுவது விளங்காது என்று என்னையும் மதுரைக்கு அழைத்துப் போனார்.

"வயசு கம்மி. முழு மூட்டையும் மாத்தினா பின்னாடி திரும்ப மாத்த வேண்டி வரலாம்" என்றார் டாக்டர். "உங்க எலும்பு உறுதியா இருக்கு. தொடை எலும்போட பந்து மாதிரி இருக்கிற முனையை வெட்டி எடுக்காம, மேலே மட்டும் சீவி ஒரு உலோகத் தொப்பி போடலாம். அது உக்கார்ற இடுப்புக் குழிக்குள்ள ஒரு உலோகக் கிண்ணம். எல்லாருக்கும் ஒத்துவராது, உங்களுக்கு வரும்."

"தொப்பியும் தேஞ்சுட்டா?"

"அப்ப முழுசா மாத்திக்கலாம். எலும்பு மிச்சம் இருக்கும்ல. உலோகத் துகள் ரத்தத்துல சேருதான்னு மட்டும் அப்பப்ப பார்க்கணும்."

"வண்டிக்கு ஆயில் செக் பண்ற மாதிரி, டீச்சர்" என்று அண்ணன் எனக்கு விளக்கினார்.

ஆபரேஷன் முடிந்து நாற்காலியில் உட்காரச் சொன்னால், ஓரத்தில் பாதிதான் உட்கார்ந்தார். "முழுசா உக்காருங்க" என்று நர்ஸ் அதட்டினார்.

"வேற யாரும் ஏறலையா?" என்றார் அண்ணன்.

சில மாதங்கள் வேறு டிரைவர் வந்தார். தங்கமான பையன். ஆளுக்கொரு முழுச்சீட்டு, சரியான நேரம், பேச்சே கிடையாது. குறை சொல்ல ஒன்றுமில்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை.

டாக்டர் சரி என்றதும் அண்ணன் வந்தார். டாக்டர் கட்டளைப்படி சீட்டில் முழுசாக உட்கார்ந்தார். முதல் வளைவு வந்தது. எல்லார் கண்ணும் அவருடைய இடது காலில். கிளச்சை மிதித்தார். கியர் விழுந்தது. வண்டி ஏறியது.

"என்ன, எழவு வீடு மாதிரி வர்றீக? பேசுங்கப்பா!"

மாரியக்கா சிரித்தார், வண்டியே சிரித்தது. சேலை கசங்கி, கால் மரத்து, அந்த மனுஷனோடு மலையேறுகிற சுகம் எனக்கு வேறெந்த வண்டியிலும் கிடைக்காது.