டார்ச்சு பார்க்காத காது

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் எண்ணெய் மில்லில், டார்ச்சின் சந்தேகத்துக்குத் தப்பிய பொருளே கிடையாது. அவர் எங்கள் எடை மேஸ்திரி. டீயை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச்; பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். செல்போன் வெளிச்சத்தைக்கூட அவர் நம்பமாட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் காதுக்கு ஊற்றும் எண்ணெய் மேல்தான். எங்களில் யாருக்குக் காது வலித்தாலும் புது மல்லாட்டை எண்ணெயில், அதாவது கடலை எண்ணெயில், பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ஊற்றிவிடுவோம். சொந்த மில் எண்ணெய், கெடுதல் செய்யுமா என்ன? காதில் பஞ்சோடு யார் வந்தாலும் டார்ச்சு மடக்கிவிடுவார். ஒருநாள் முதலாளியையே வெயிலில் நிறுத்திவிட்டார்.

"இன்னா ஊத்தினீங்க? எவ்ளோ சூடு? யாரு சொன்னது?"

"யோவ், இது புளூடூத்துய்யா!"

போன வருஷம் எனக்கு வலி வந்தது. கூச்சத்தில் இரண்டு நாள் வெளியே சொல்லவில்லை. மூன்றாம் நாள் மிஷின் ஓட்டும் மணி கண்டுபிடித்து, என்னைப் புண்ணாக்கு மூட்டைமேல் ஒருக்களித்துப் படுக்கவைத்தான். கரண்டியில் எண்ணெய் ஆவி பறக்க வந்தது.

"நிறுத்து!" டார்ச்சு என் காலரில் வெளிச்சம் அடித்தார். "இன்னாடா ஈரம்? காது வடியுதா?"

தலையாட்டினேன்.

"உள்ள ஜவ்வு ஓட்டையா இருந்தா இன்னா பண்ணுவ, மணி?"

"நீ இன்னா பெரிய டாக்டரா?"

"இல்லபா. நீயும் இல்ல. அதான் ஊத்தாதன்றேன். ஜல்தி எழுந்து வாடா!"

விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினார். இங்கேயே காது டாக்டர் இருக்கிறாரே என்றேன்.

"அவரு நம்ம கிட்ட எண்ணெய் வாங்கறவரு. ஊத்துன்னு சொல்லிட்டா?"

விழுப்புரம் டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறையில் ஓட்டை என்றார். எண்ணெய் உள்ளே போயிருந்தால் கேட்கிற சக்திக்கே ஆபத்தாம். டார்ச்சு அசரவில்லை.

"நல்லா பாத்தீங்களா சார்? இன்னொரு தபா பாருங்க."

டாக்டர் மறுபடியும் பார்த்தார்.

மாத்திரை, காதில் தண்ணீர் படாத குளியல் என்று வாரங்கள் போயின. ஓட்டை மூடிவிட்டது என்று டாக்டரே சொன்ன பிறகும் டார்ச்சு ஒப்புக்கொள்ளவில்லை. என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச்சொல்லி, நல்ல காதை விரலால் அடைக்கவைத்து, மூட்டைகளுக்கு அந்தப்பக்கம் போய் நின்று முணுமுணுத்தார்.

"சாப்ட்டியாடா?"

தெளிவாகக் கேட்டது. ஆனாலும் அவர் அதை இன்னொரு தரம் கேட்கட்டுமே என்று, காதில் விழவில்லை எனத் தலையாட்டினேன். இரண்டடி கிட்டே வந்து, இன்னொரு முறை கேட்டார்.