திட்டத் தெரியாத முதலாளி

முதலாளி இன்றைக்கும் திட்டவில்லை.

கடை திறந்து வெகு நேரம் கழித்து, வேண்டுமென்றே ஆடி அசைந்து வந்த ஃபிட்டரை அவர் வாசலிலேயே நிறுத்தி, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா? ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நான் வண்டி எடுத்துட்டு வந்திருப்பேனே!"

ஃபிட்டருக்கு அழுகை வந்தது. நன்றியில் வந்த அழுகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவன் வேலை. பல வருஷமாக இதே முதலாளி. மனுஷர் தங்கம். சம்பளம் மட்டும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அப்படியிருக்க, பெரிய தெருவில் இருக்கும் கண்ணாடி ஷோரூமின் சூப்பர்வைசர் போன வாரம் அவனைத் தேடி வந்து, இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

வீட்டில் இருப்பது ஒரே அறை. அதற்குள் அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், குறட்டைக்குப் பேர்போன மாமனார். மனைவி வயிற்றில் மூன்றாவது பிள்ளை வேறு. புதுச் சம்பளம் என்றால் இன்னோர் அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் மாமனார்.

"வேலையை விடுறேன்னு சொல்றதுல என்னங்க கஷ்டம்?" என்றாள் மனைவி.

"அவர் மூஞ்சியைப் பாத்தா வாயே வரமாட்டேங்குது. ஒரே ஒரு தடவை திட்டிட்டார்னா, அந்தக் கோவத்துல வெளியே வந்துடுவேன்."

"அப்ப திட்டு வாங்குங்க. வீட்ல மட்டும் நல்லா வாங்கத் தெரியுதே!"

லேட்டாகப் போனது பலிக்கவில்லை. அடுத்த நாள், மெஷின் மேஜையிலேயே தலையைச் சாய்த்து, மாமனாரிடம் கேட்டுப் பழகிய குறட்டையை விட்டான். பாசாங்காக ஆரம்பித்தது, பாவம், நிஜத் தூக்கமாகிவிட்டது. கண் விழித்தால் கடைக்கதவு சாத்தியிருக்கிறது. முதலாளி வெளியே படியில் உட்கார்ந்துகொண்டு, வந்த வாடிக்கையாளர்களிடம் உதட்டில் விரலை வைத்து, "மெதுவா பேசுங்க, உள்ள ஆள் தூங்குது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"என்னை எழுப்பியிருக்கலாமேங்க!" என்று கத்தினான் ஃபிட்டர்.

"வியாபாரம் நாளைக்கும் வரும் தம்பி. தூக்கம் வருமா?"

இனி தொழிலிலேயே கை வைத்தால்தான் ஆகும் என்று முடிவு செய்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் கண்ணாடியில் வலது லென்ஸை இடதிலும், இடதை வலதிலும் பொருத்திக் கொடுத்தான். மறுநாள் அந்த அம்மாள் புயலாக வந்தார்.

"படியே இல்லாத இடத்துல படி ஏறினேன்யா! தெருவே சிரிச்சுது! எவன் செஞ்ச வேலை இது?"

ஃபிட்டர் ஆவலோடு எழுந்தான். முதலாளி முந்திக்கொண்டார். "தப்பு என்னோடதுதாம்மா. நான்தான் அவனை அவசரப்படுத்திட்டேன்."

அந்த அம்மாள், வகுப்பையே நடுங்க வைத்த குரலில் முதலாளியை வறுத்தெடுத்தார். தனக்கு வரவேண்டிய திட்டெல்லாம் கண்ணெதிரே வேறு ஆளுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான் ஃபிட்டர். அன்றைக்குத் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்துவிட்டது.

"வீடு இருக்கற லட்சணத்துல இன்னும் எத்தனை நாள்?" என்று மனைவி அழுதாள்.

மறுநாள் காலை, கண்ணை இறுக மூடிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றான். "நீங்க ஒரு கஞ்சன்!"

மெல்லக் கண்ணைத் திறந்தான். முதலாளியின் கண்கள் கலங்கியிருந்தன.

"வாஸ்தவம் தம்பி. உன் கைக்கு நான் குடுக்கறது எந்த மூலைக்கு?"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. ஷோரூம், சம்பளம், மாமனார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து தேம்பினான்.

"இதைச் சொல்லவா இத்தனை நாள் தவிச்சே? போ தம்பி. நல்லா இரு" என்று முதலாளி முதுகைத் தடவிக் கொடுத்தார். வாங்கிய அடிகளிலேயே பெரிய அடி அதுதான்.

செய்நன்றி கொன்ற பாவியாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் ஷோரூமுக்குள் நுழைந்தான். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், "சூப்பர்வைசர் சாரைப் பாக்கணுங்க. வேலைக்குச் சேர வந்திருக்கேன்" என்றான்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் இல்லீங்க. புது ஆள் எடுத்தா, பழைய இடத்துல விசாரிக்கறது எங்க வழக்கம். உங்களைப் பத்திக் கேக்க அவரே நேர்ல போனார்."

"எங்க முதலாளி என்ன சொன்னாராம்?"

"எல்லாத்தையும் சொல்லிட்டாராம். லேட்டா வந்தது, தூங்கினது, லென்ஸை மாத்திப் போட்டது, கஞ்சன்னு சொன்னது... 'வீட்டுக் கஷ்டத்துல பண்ணிட்டான், நீங்கதான் பக்குவமா பாத்துக்கணும்'னாராம்."

"போச்சு! வேலை இல்லைன்னு சொல்லிட்டீங்களா?"

"ஐயோ, வேலை உங்களுக்குத்தான். இங்க ஆளே நிக்கறதில்லீங்க. ஓனர் உள்ள காத்துட்டிருக்கார்."

உள்ளே ஏதோ சுவரில் மோதி உடைந்தது. "எவன்டா வெளியே நின்னு கதை பேசறவன்?" என்று ஒரு குரல் கட்டடத்தையே உலுக்கியது. கடையில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஃபிட்டரும் குரலைத் தாழ்த்தினான். "அப்ப... அந்த சூப்பர்வைசர் சார் எங்கங்க?"

"இத்தனை பண்ணியும் உங்களை ஒரு வார்த்தை திட்டலைன்னு கேட்டதும், அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதாராம். பாதிச் சம்பளமே போதும்னு சொல்லி, உங்க பழைய வேலையில சேந்துட்டாருங்க."