விசில் அக்காவின் வெள்ளைச் சப்பாத்துப் படை

கோலாலம்பூரில் சேவல்களின் பிழைப்பில் மண்ணைப் போட்ட ஒரே மனுஷி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் விசில் அக்காதான். எண்பதுகளில் அவர் வீட்டை ஒட்டியிருந்த கடைவீட்டின் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வாடகை குறைவு. ஏன் குறைவு என்பது முதல் நாள் விடியற்காலையிலேயே விளங்கிவிட்டது. ஜன்னலுக்குக் கீழே கிளம்பிய விசில் சத்தத்தில், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று கைலியோடு கீழே ஓடினேன். அங்கே கவுன் போட்ட ஓர் அம்மா, காலில் கான்வாஸ் சப்பாத்தும் கழுத்தில் விசிலுமாக நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாறதெண்டால் சப்பாத்து போட்டுக்கொண்டு வாரும்" என்றார்.

அக்கா யாழ்ப்பாணத்து வம்சம். இளவயதில் நெட்பால் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். பிறகு ரயில்வே அலுவலகத்தில் டைப் அடித்து ஓய்வு பெற்றார். வேலை போனது, விசில் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் எங்கள் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை. அவருக்கென்று இருந்தது தம்பி நேசன் மட்டும்தான்.

நேசன் அண்ணன் ஒரு காலத்தில் அரசாங்க அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டவர். இருபத்தைந்து வயதுக்குள் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, பல வருஷம் மனநல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மாத்திரை குரல்களை அடக்கியது. கூடவே ஓயாத பசியையும் தூக்கத்தையும் கொடுத்து ஆளை ஊத வைத்தது. சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது. ஆனால் கிளினிக்கில் இருந்த டாக்டர் கேட்பது ஒரே கேள்விதான்: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? காலில் புண் ஆறவில்லை என்றாலும் அதே கேள்வி, மூச்சு வாங்குகிறது என்றாலும் அதே கேள்வி. ஒரு நாள் அக்கா மேசையில் ஓங்கி அடித்தார்.

"தலைக்குக் கீழயும் இந்த மனுசனுக்கு உடம்பு ஒண்டு இருக்குது டொக்டர். அதையும் ஒருக்காப் பாருங்கோ."

அதன் பிறகு அக்கா படியேறுவதைக் கண்டாலே அந்தக் கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் கருவியைத் தூசி தட்டி எடுத்து வைப்பார்கள்.

எங்கள் தெருமுனையில் ஓர் இல்லம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, போக வீடில்லாதவர்கள் தங்குகிற இடம். தெருவுக்கே அவர்கள் மேல் பாசம். எங்கள் ஆட்களுக்குப் பாசம் வந்தால் சட்டியைத்தான் அடுப்பில் ஏற்றத் தெரியும். பிள்ளைக்குப் பிறந்தநாளா, இல்லத்துக்குப் பிரியாணி. தாத்தாவுக்குத் திவசமா, வடை பாயசம். மகள் பரீட்சையில் தேறினாளா, கேசரி. சில மத்தியானங்களில் இரண்டு குடும்பங்கள் தூக்குச்சட்டியோடு வாசலில் முட்டிக்கொள்ளும். இதற்கு மேல் தேநீர்க் கடை முத்து வேறு. அவர் அந்த ஆட்களிடம் காசு வாங்கமாட்டார், கரண்டி நிற்கிற அளவுக்கு டின் பாலை ஊற்றித் தருவார். இல்லத்தில் அடுத்தடுத்து மரணங்கள். எல்லாமே சர்க்கரை, மாரடைப்பு. ஒரு சாவு வீட்டிலேயே அக்கா சொல்லிவிட்டார்.

"மூளை வருத்தத்தில ஒருத்தரும் சாகேல்ல. உங்கட பாயாசத்திலதான் சாகினம்."

மறுநாளிலிருந்து இல்லத்து வாசலில் அக்கா காவல். சாப்பாடு கொண்டுவந்தால் திருப்பி அனுப்பினார். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நடக்கச் சப்பாத்து கொடுங்கள் என்றார். தெரு ஆடிப்போனது. அப்பா திவசத்துக்கு யாராவது காலில் போடுவதைக் கொடுப்பார்களா என்று மளிகைக்கடை முதலாளி சண்டைக்கே வந்துவிட்டார். அக்கா நிதானமாகக் கேட்டார்: "கருமாதிக்கு ஐயருக்குக் குடையும் செருப்பும் தானம் குடுத்தனீங்கள்தானே? அவர் அதைப் போட்டுக்கொண்டு எங்கயும் நடந்தவரோ? இவையள் நடப்பினம்."

முதலாளியே முதல் ஆளாகச் சப்பாத்து வாங்கக் கிளம்பினார். பாசார் சந்தையில் மலிவாகக் கிடைத்தது பள்ளிப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்துதான். அப்படியே பிரிக்பீல்ட்ஸ் முன்னோர்கள் ஒவ்வொருவராகச் சப்பாத்தாகி இல்லத்துக்குப் போனார்கள். யார் திவசத்துக்கு வந்ததோ அவர் பெயரே சப்பாத்துக்கும் நிலைத்துவிட்டது. காலை நேரத்தில் அந்தப் பக்கம் போனால், "சுப்பையா இன்னிக்கு ரொம்பக் கடிக்கிறாரு லா" என்று யாராவது குதிகாலைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

தினமும் விடிந்ததும் அக்கா முன்னால், வெள்ளைச் சப்பாத்துப் படை பின்னால், பங்சார் வரை நடை. மினிபஸ் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்ப்பார்கள். தேர்தல் வந்துவிட்டதா என்று ஒரு பெரியவர் என்னையே விசாரித்தார். எப்படியும் அக்கா தூங்க விடமாட்டார் என்று தெரிந்த பிறகு நானும் படையில் சேர்ந்துவிட்டேன்.

இத்தனை பேரை நடக்கவைத்த அக்காவால் நேசன் அண்ணனை மட்டும் அசைக்க முடியவில்லை. இந்தப் படையே அவருக்காகக் கட்டியதுதான். இன்றைக்கு முழங்கால் வலி என்பார், நாளைக்கு வயிறு சரியில்லை என்பார். தன் சப்பாத்துக்குப் பெயர் கொடுத்த செத்துப்போன பெரியவர் இன்று வெளியே போகவேண்டாம் என்கிறார் என்றுகூட ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு நேரே முத்து கடைக்குத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அக்கா முத்துவிடம் மல்லுக்கு நின்றார். "பாவம்க்கா அவரு, ஒரு தே தாரிக்தானே லா" என்று முத்து கண்கலங்கினார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. பிரிக்பீல்ட்ஸில் நேசனுக்குத் தேநீர் கிடையாது. பங்சாரில் முத்துவின் மச்சான் கடையில் உண்டு, அதுவும் டின் பால் இல்லாமல்.

மறுநாள் வரிசையில் முதல் ஆள் நேசன் அண்ணன். எல்லாரையும் முந்திக்கொண்டு போய்த் தேநீரைக் குடித்துவிட்டு, மினிபஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா பங்சார் முழுக்கத் தேடி, வேர்த்து விறுவிறுத்து வந்து பார்த்தால், தம்பி நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. போகும்போதாவது நடந்தானே என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது, புண் ஆறியது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததும் அப்போதுதான்.

ஒரு நாள் பங்சார் மேட்டில் நேசன் அண்ணன் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நெஞ்சுக்குள்ள இறுக்கிற மாதிரிக் கிடக்கு."

முழங்கால், வயிறு, பேசுகிற சப்பாத்து எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுப் பழகிய அக்கா, முன்னால் நின்றபடியே விசிலை ஊதினார். "எழும்பு நேசன். தேத்தண்ணிக் கடை கிட்டத்தான்."

அவர் எழுந்தார். நடந்தார். கடையில் பாதித் தேநீர் குடித்தவர், அப்படியே பெஞ்சில் சாய்ந்தார். டாக்சி ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அக்காவை யாரும் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ரத்தக்குழாய் ரொம்ப நாளாகவே அடைத்திருக்கிறது, வீட்டில் படுத்திருந்தாலும் நடந்திருக்கும், இவ்வளவு நாள் இருந்ததே நடந்ததால்தான் என்று டாக்டரே சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப்பற்றிப் பேசினார்.

"டொக்டரிட்ட மேசையில அடிச்சனான். இவன் சொல்லேக்க நான் கேட்கேல்ல தம்பி."

அந்த மாதம் முழுக்க விசில் இல்லை. தெரு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் வழக்கமான நேரத்துக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். இல்லத்து ஆட்கள் மட்டும் தினமும் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து, அக்கா வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா கதவைத் திறந்து வெளியே வந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. முன்னால் நடக்கிறவர் அன்றிலிருந்து எல்லாருக்கும் பின்னால் நடந்தார். யாராவது உட்கார்ந்தால், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே நோகிறது என்று கேட்பார். அவர்களாக எழுந்திருக்கும்வரை காத்திருப்பார். கேட்க வேண்டுமா, எல்லாருக்கும் குளிர்விட்டுப் போயிற்று. இல்லத்துச் சின்னப்பன் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் உட்கார ஆரம்பித்தார். காலாகாலத்தில் முடிகிற நடை, வெயில் மண்டையைப் பிளக்கும்வரை நீண்டது.

ஒரு நாள் சின்னப்பன் மறுபடியும் உட்கார்ந்தபோது என் பொறுமை போய்விட்டது. ஆபீசுக்கு நேரமாகிறது, ஆள் சும்மா நடிக்கிறார் என்று அக்காவின் காதில் முணுமுணுத்தேன்.

"தெரியும் தம்பி. நடிக்கட்டும்" என்றார். சின்னப்பனிடம் எங்கே நோகிறது என்று கேட்டார். அவர் யோசித்துப் பார்த்துக் கழுத்து என்றார். அக்கா கழுத்தைப் பிடித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு எங்க நோகுது?"

எனக்கு எங்கேயும் நோகவில்லை என்றுதான் சொன்னேன். அக்கா நம்பவில்லை. ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருக்க, நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.