திருப்புளிக்காரரும் ராபர்ட் ராஜாவும்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைப் பார்த்தால் சிலருடைய கை ஏன் பரபரக்கிறது? மரக்காணத்து உப்பளக்காரர் ஆதிமூலத்தின் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியைத்தான் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்ல வேண்டியவரோ குனிந்து எதையாவது கழற்றிக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் திருப்புளியோடு, அதாவது ஸ்க்ரூ டிரைவரோடு, திரியும் இந்த இனத்துக்குத் திருப்புளிக்காரர்கள் என்று பெயர் வைக்கலாம். நீங்கள் அறியாதவர்கள் அல்ல. உங்கள் வீட்டு மின்விசிறி லேசாக முனகினால், கூப்பிடாமலேயே வந்து, நாற்காலி கேட்டு, அதன்மேல் ஏறி, "இதுல ஒண்ணுமே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே விசிறியை இறக்கி, உறுப்பு உறுப்பாகச் செய்தித்தாளில் பரப்பி, எது என்ன செய்கிறது என்று உங்களுக்குப் பாடம் நடத்தி, காப்பியும் குடித்துவிட்டு, "நாளைக்கு வந்து மாட்டிடறேன்" என்று போகிறாரே, அவர்தான். அந்த நாளை என்றாவது வந்திருக்கிறதா? ஒரு பொருளைப் பிரித்துவிட்டால் அதைப் புரிந்துகொண்டாயிற்று என்பது அவருடைய தத்துவம். மாட்டுவது வெறும் வேலை. வேலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

உப்பு விளையும் மாதங்களில் ஊர் ஓரளவு பத்திரமாக இருக்கும். பாத்திகள் ஆதிமூலத்தின் கையைக் கட்டிப் போட்டிருக்கும். ஐப்பசி மழை இறங்கி உப்பளம் முழுவதும் ஒரே குளமாகிவிட்டால் போதும், தெருவில் ரேடியோ வைத்திருப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். கரகரப்பு அவர் காதில் விழுந்துவிடக் கூடாதல்லவா?

எது பழுதானாலும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான். "எல்லாம் உப்புக் காத்து." கடிகாரம் நின்றதற்கு உப்புக் காற்று. மிக்சி கருகியதற்கு உப்புக் காற்று. டார்ச் லைட்டில் பேட்டரியை யாரோ தலைகீழாகப் போட்டிருந்ததற்கும் உப்புக் காற்றுதான்.

"இந்த வூட்ல இவரு கழட்டாத சாமான் நான் ஒருத்திதான்" என்பாள் அவர் மனைவி தையல்நாயகி. "பார்ட்டு கெடைக்காதுன்னு தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வராமல் போனது 2005ஆம் வருட மழைக்காலத்தில். மாதா கோயில் தெரு ஆனந்தம்மாள் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பொருளை அவர்கள் வீட்டுத் தரையில் வைத்தாள். ஒரு முழ உயரத் தகர பொம்மை. சதுரத் தலை, சதுர மார்பு, முதுகில் சாவித் துளை. அவள் கணவர் சவரிநாதன் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஜப்பானிலிருந்து வாங்கிவந்த ரோபோ. அட்டைப் பெட்டியில் இருந்த பெயரை அவர் ராபர்ட் என்று படித்துவிட்டார். ராபர்ட் என்றால் நல்ல கிறிஸ்தவப் பெயர்தானே? ஆகவே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக் குடிலில், மூன்று ராஜாக்களுக்குப் பின்னால், நாலாவது ராஜாவாக ராபர்ட் நடந்து போய்க் குழந்தை ஏசுவுக்குக் கை தூக்கி ஒரு சலாம் வைப்பான். தெருப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வருவார்கள். சவரிநாதன் இறந்த பிறகு ஆனந்தம்மாள் சாவி கொடுத்தாள்.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. மண் ராஜாக்கள் மூவரும் கரைந்து போனார்கள். வைக்கோலுக்கு அடியில் கிடைத்தவன் ராபர்ட் மட்டும்தான். சாவி திரும்பவில்லை.

"இது நடந்தா குடில் வைப்பேன் தம்பி" என்றாள் ஆனந்தம்மாள். "நடக்கலன்னா இனிமே குடிலே வேணாம்."

"இதுல ஒண்ணுமே இல்லக்கா" என்றார் ஆதிமூலம்.

பொம்மையைப் புரட்டிப் பார்த்ததும் அவருக்கு ஒரு ஏமாற்றம். ஒரு திருகாணிகூட இல்லை. தகட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகள் வெட்டி, எதிர்த் தகட்டுத் துளையில் நுழைத்து மடக்கியிருந்தார்கள். திருகாணி இல்லாத பொருளைச் செய்தவன் தன்னை அவமதிக்கவே செய்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, திருப்புளியை நாக்குக்கு அடியில் கொடுத்து நெம்பினார். முதுகு விலகியது. உள்ளேயிருந்த சுருள்வில் எகிறிப்போய், தையல்நாயகி புடைத்துக்கொண்டிருந்த அரிசியில் விழுந்தது.

"உயிரு இருக்குது" என்றார் ஆதிமூலம் திருப்தியாக.

உப்புப் பிடித்ததை முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இது தெரியாமலா உப்பு விற்கிறார்? தெரியும். ஆனால் கழுவுவதில் பாடம் நடத்த என்ன இருக்கிறது? எண்ணெய் விட்டார். உப்பும் எண்ணெயும் துருவும் குழைந்து சக்கரங்கள் ஊறுகாய்ப் பதத்துக்கு வந்தன. பிறகு அவை ஓர் ஊறுகாய் பாட்டிலுக்கே போய்ச் சேர்ந்தன. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அந்தப் பாட்டிலைப் பார்த்து, பாடம் கேட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையில் ஆனந்தம்மாள் வந்தாள். "ஆச்சா தம்பி?"

"வாக்கா, இப்படி உக்காரு. இந்தச் சக்கரம் சுத்துனா இது சுத்தும். இது சுத்துனா காலு போவும்."

"போவுதா?"

"போவும்."

"எப்போ?"

"அதாங்கா சொல்றேன். உப்புக் காத்து."

ஆனந்தம்மாள் பாட்டிலை ஒருமுறை பார்த்தாள். எழுந்து போனாள். அந்தப் பார்வை தையல்நாயகிக்குச் சோறு இறங்கவிடவில்லை.

"அந்தக்கா குடில் வைக்கலன்னா" என்றாள் கணவரிடம், "கடலு செஞ்சது பாதி, நீங்க செஞ்சது பாதி."

 மறுநாள் அவர் பாட்டிலைக் கவிழ்த்து, சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் ஆள் வந்து நின்றபோதும் நிமிரவில்லை. பாடம் நடத்தாமல் அவர் வேலை செய்ததை அவள் கல்யாணமான நாளாகப் பார்த்ததில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் ராபர்ட் அடுப்படிவரை நடந்து சுவரில் முட்டி நின்றான். செய்தித்தாளில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு பல்சக்கரம் மிச்சம் கிடந்தது.

"ஏங்க, இது?"

"ஜப்பான்காரன் எக்ஸ்ட்ரா ஒண்ணு போட்டிருப்பான்" என்று சொல்லிச் சக்கரத்தைச் சட்டைப் பைக்குள், திருப்புளிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஆனந்தம்மாள் அவசர அவசரமாக வைக்கோல் பரப்பினாள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ராஜாக்களை நிறுத்தினாள். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சாவி கொடுத்ததும் ராபர்ட் டக் டக்கென்று நடந்தான். ராஜாக்களைத் தாண்டிப் போய்க் குழந்தை ஏசுவின் முன்னால் நின்றான். கை எழும்பவில்லை.

"சலாம் வெக்கல" என்றது ஒரு பிள்ளை.

ஆனந்தம்மாள் பொம்மையை எடுத்து ஆதிமூலத்திடம் நீட்டினாள். "நடந்துடுச்சி, அது போதும் தம்பி. ஆனா அவரு இருந்தப்போ கை தூக்கும். அத மட்டும் கொஞ்சம் பாரேன்."

 இந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் யாரும் கேட்காமலேயே திறந்தவர். இப்போது கேட்டுக் கொடுக்கிறார்கள். சக்கரம் பையில் இருக்கிறது, திருப்புளி பையில் இருக்கிறது, பாடம் கேட்க ஒரு தெருவே உட்கார்ந்திருக்கிறது. செய்தித்தாளைத் தேடுவார் என்று தையல்நாயகி எதிர்பார்த்தாள்.

ஆதிமூலம் பொம்மையை வாங்கிக் கவிழ்த்தார். முதுகில் மடங்கியிருந்த தகர நாக்கைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடி சாவி கொடுத்து, குடிலை நோக்கித் தரையில் விட்டார்.

"இருக்கட்டும்க்கா" என்றார். "நடக்குது இல்ல."

வீடு திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டாள் தையல்நாயகி. உப்புக் காற்று என்றுகூட அவர் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

பாராட்டலாமா? அவசரப்படாதீர்கள். பொங்கலுக்குள் எதிர் வீட்டு கிரைண்டர் செய்தித்தாளில் படுத்துக்கிடந்தது. ஆனாலும் அந்த ஒரு சாயங்காலம் அவர் ஏன் கையை அடக்கினார்? மறுபடி நெம்பினால் தகர நாக்கு ஒடிந்துவிடும் என்ற பயமா? மனைவி சொன்ன சொல் தைத்ததா? வேறு ஏதாவதா? ஆளைக் கொஞ்சம் திறந்து, உள்ளே எது எதைச் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டால் தேவலை என்று உங்கள் விரல் இப்போது பரபரக்கிறது, இல்லையா?

உங்கள் சட்டைப் பையில் திருப்புளி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.